முக்கோணத்து ஓட்டைகளுக்காக நடந்த போர்

மலைமுகடு தாங்கும் மேகமே, பெல்மதுளைத் தோட்டங்களின் காலைப் பனியே, சற்று விலகி நில். பௌதிகப் பட்டம் பெற்றவளும், எவர் முன்னும் வாய் திறந்து மறுப்புச் சொல்லியறியாதவளுமாகிய கலைச்செல்வி தோட்டக் குடியிருப்பு வரிசையாகிய தன் லயத்து வாசலில் போர்க்களம் வகுத்த கதையைப் பாடப்போகிறோம்.

காலி யோகட் தயிர்க் கோப்பைகளே அவளது சேனை. ஒவ்வொரு வீரனுக்கும் தலையில் சிறு மின்குமிழ், வயிற்றில் கம்பிச்சுருள், பக்கமெல்லாம் கிளிப்புக் கைகள். முக்கோணத்தின் நடுவே ஓட்டை, மிஞ்சிய முக்கோணங்களின் நடுவிலும் ஓட்டை, அவற்றின் மிச்சத்திலும் அதே ஓட்டை என அணிவகுத்தாள். பிராக்டல் வலையில் இடவியல் நிலை என்று அறிஞர் போற்றும் அந்த வியூகத்தின் மாயம் இதுதான்: மின்சாரம் உள்ளே புகாது, ஓரங்களில் மட்டுமே ஓடும், ஒவ்வோர் ஓட்டையும் ஓர் ஓரமாதலால், அதைச் சுற்றியும் விளக்கு வளையம் எழும். பத்து மணிக்குப் பேராசிரியை நாகேஸ்வரி போன் திரையில் பார்ப்பார். வளையம் எரிந்தால் ஆய்வு உதவியாளர் வேலை. எரியாவிட்டால் டவுன் புடவைக் கடையில் வேலை.

எதிரே எழுந்தார் இராமசாமி: அவளைப் பெற்றவர், ஓய்வுபெற்ற இன்பில்லிங் கங்காணி, செத்த செடியின் இடத்தில் கன்று நட்டுநட்டே தலை நரைத்த மாவீரர். மலையில் வேக்கன்சி எனும் வெற்றிடம் ஒன்று கண்டாலும் முழுநாள் வேலைக்கு அரைப்பேர் போட்டு அரைக்கூலி தந்த துரைமாரிடம் நடுங்கிப் பழகிய கண்கள் அவருடையவை.

"என்னாம்மா இது, நடுவுல இம்புட்டு வேக்கன்சி? பாக்குறவங்க என்னையதானே சிரிப்பாங்க."

அவள் புன்னகைத்தாள். அதையே ஆணையாகக் கொண்ட கங்காணி, மிஞ்சிய கோப்பைகளை ஓட்டைகளில் நட்டு, கிளிப்புகளை அக்கம்பக்கத்தாரோடு கோத்துவிட்டார். அவர் தேநீர் குடிக்கப் போனதும் அவள் பிடுங்கினாள். வந்தார், நட்டார். வெற்றிலை எடுக்கப் போனார், பிடுங்கினாள். கவ்வாத்து வெட்டிய செடி மறுபடி துளிர்ப்பதைப்போல் கோப்பைகள் முளைத்தபடியே இருக்க, வாள் உருவப்படாமலும் ஒரு சொல் உதிராமலும் அம்மகா யுத்தம் பத்து மணியைத் தொட்டது.

போன் அடித்தது. நடு ஓட்டை நிறைந்து கிடந்தது.

"கலைச்செல்வி, வெளி ஓரமும் சின்ன ஓட்டைகளும் மட்டும்தானே எரியுது. நடுவுக்கு என்ன நடந்தது?" என்றார் பேராசிரியை.

பக்கத்து வீட்டுக் காம்பராச் சேவல்கூட ஒற்றைக் காலில் நின்றது. கல்லூரியிலும் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் திறவாத அத்திருவாய் திறந்தது.

"அப்பா, அது வேக்கன்சி இல்ல. சும்மா கெடக்க வேண்டிய எடம். எடுத்துருங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா என்னாவாம்?" என்றபடி இராமசாமி தான் நட்டதைத் தானே பிடுங்கினார், தோற்ற தளபதி கொடி இறக்குவதுபோல் ஒவ்வொன்றாய், வேர் அறாத பக்குவத்தோடு. கடைசிக் கோப்பை நீங்கியதும், இருண்டு கிடந்த நடுவைச் சுற்றி ஒளிமாலை பூத்தது.

"சரி, திங்கக்கிழமை வேலைக்கு வாங்கோ," என்றார் பேராசிரியை.

வெயில் வந்ததும் அந்த நடு ஓட்டையில் கலைச்செல்வியின் அம்மா கருவாடு காயப்போட்டார்.