வடமதுரையில் பெண் பார்க்கப் போய் மூச்சு வாங்கிய கதை

எங்கள் பக்கம் வியாதிகளிலும் கௌரவமானவை உண்டு, கௌரவமில்லாதவை உண்டு. சர்க்கரை முதல் வகை. கல்யாணப் பந்தியில் ஒருவர் "எனக்கு முந்நூறு" என்றால், எதிர் இலைக்காரர் ஜிலேபியை மென்றுகொண்டே "நமக்கு நானூறுப்பா" என்று ஜெயித்துவிடுவார். ஆஸ்துமாவுக்கு அந்த அந்தஸ்து கிடையாது. இழுப்புக்காரன் என்று தெரிந்தால் பெண் தர மாட்டார்கள்.

எனக்கு ஆஸ்துமா. திண்டுக்கல் டாக்டர் இரண்டு பம்பு கொடுத்திருந்தார். ஒன்று தினமும் இழுக்க, இன்னொன்று திணறும்போது மட்டும். தினசரிப் பம்பை இழுத்ததில் மூச்சுத் திணறல் நின்றது. நின்றதும் பம்பை நிறுத்திவிட்டேன். (குடைக்குள் நனையவில்லை என்பதற்காக மழை விட்டதென்று குடையை மடக்கிய ஆள் நான்.) "பழகிட்டா விட முடியாதுப்பா" என்று அம்மாவும் ஆமோதித்தாள். மிச்சமிருந்தது அவசரப் பம்பு.

வடமதுரைக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய காலையில், அதையும் என் சட்டைப் பையிலிருந்து உருவி டிவிக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

"பையில புடைச்சுக்கிட்டுத் தெரியுது. என்னன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? செத்த நேரம் சமாளிச்சுக்க மாட்டியா?"

"சமாளிச்சிருவேன்" என்றேன். கீர்த்தனாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எதையும் சமாளிக்கும் வீரம் எனக்கு வந்திருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள மூச்சு விடாமல்கூட இருப்பேன் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

மரியாதை செய்வதாக நினைத்து, கீர்த்தனாவின் அப்பா வீடு முழுக்க சாம்பிராணி போட்டிருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த அவரே பாதிதான் தெரிந்தார். போதாததற்கு உள்ளே யாரோ மிளகாய் வற்றலைத் தாளித்தார்கள்.

"மாப்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லைல?"

"இதுவரைக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லைங்க" என்றாள் அம்மா.

என் நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்தது. இருமலை அடக்கினேன், அது கண்ணீராக வந்தது. கீர்த்தனா காபியோடு வந்தபோது நான் தோளைத் தூக்கி, முகம் நாவல்பழமாகி, வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்திருந்தேன். பெண் பார்க்க வந்தவன் அப்படிப் பார்க்கக் கூடாது. டம்ளரை எடுக்கப் போன கை உதறியது.

"வலிப்பு! ஏலே, சாவியக் கொண்டாங்க!" என்று அவள் அப்பா கத்தினார்.

இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. பீரோச் சாவி, வண்டிச் சாவி, கடைசியாக ஒரு அரிவாள்மனை என் மடிக்கு வந்தது. நான் கேட்டது காற்று. அம்மா வாயைத் திறக்கவில்லை. வலிப்பா, ஆஸ்துமாவா, எது கொஞ்சம் மட்டான அவமானம் என்று அவள் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படியே செத்துப்போவேன் என்று பயமாகவும் இருந்தது.

கீர்த்தனாதான் ஜன்னல்களைத் திறந்தாள். "இது வலிப்பு இல்லப்பா, வீசிங்கு! மொதல்ல அந்தச் சாம்பிராணியத் தூக்கி வெளிய வைங்க."

அவள் ஸ்கூட்டர் ஓட்ட, கை நிறையச் சாவியோடு நான் பின்னால் உட்கார்ந்து பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு திரும்புவதற்குள் இரு வீட்டாரும் வந்துவிட்டார்கள்.

"தினமும் இழுக்குற பம்பு எங்க?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்கும்போது எதுக்கு சார் இழுக்கணும்?"

"நல்லா இருக்கிறதுக்குத்தான்."

"பழகிரும்னு சொன்னாங்க..."

"மூச்சு விடுறதும் பழக்கம்தான். அதை விட்டுரலாமா?"

பிறகு ஒரு பம்பைக் கொடுத்து இழுத்துக் காட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் என்று தெம்பாக வாயைத் திறந்து, நாக்கில் அடித்து, விழுங்கினேன்.

"இத்தனை வருஷமா பாதி வைத்தியம் நாக்குக்குத்தான் பார்த்திருக்கீங்க, தம்பி."

கீர்த்தனா சிரித்த சிரிப்பில் எனக்கு மறுபடியும் மூச்சு முட்டியது.

மறுநாளே மாப்பிள்ளைக்கு வலிப்பு என்று வடமதுரை முழுக்கப் பேச்சு. சம்பந்தம் வேண்டாம் என்று அவள் சொந்தக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். அம்மா பம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவர்கள் வீடு ஒவ்வொன்றாகப் போய், "எம் மகனுக்கு வலிப்பெல்லாம் இல்லைங்க, வெறும் ஆஸ்துமாதாங்க! இந்தா பாருங்க பம்பு!" என்று பெருமையாகக் காட்டிவிட்டு வந்தாள்.

கல்யாணம் நடந்தது. இன்றும் விருந்தாளிகள் வந்தால் அம்மா இந்தக் கதையை எடுத்துவிடுவாள். முடிவில் நான் எழுந்து நின்று பம்பை முறையாக இழுத்து, மூச்சை அடக்கிக் காட்ட வேண்டும். கீர்த்தனா மார்க் போடுவாள். போன தீபாவளிக்குப் பத்துக்கு ஏழுதான் கிடைத்தது. அவசரப்பட்டு மூச்சை விட்டுவிட்டேனாம்.