புல்லு மேடமும் பேத்துப்பாறை மாடும்

கொடைக்கானலுக்கு எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு புல்லைப் பார்த்து, போட்டிருந்த தொப்பியைக் கழற்றி, "வாங்க, சௌக்கியமா இருக்கீகளா?" என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் புல்லு மேடம்.

அவருக்கு வேறு நல்ல பெயர் ஒன்று இருந்தது. அறை வாசலில் பித்தளைப் பலகையில், பின்னால் நீளமான பட்டங்களோடு பளபளக்கும். அதைப் படித்தவர் தபால்காரர் மட்டும். மற்ற எல்லோருக்கும் அவர் புல்லு மேடம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் மண்டி நடத்தும் குடும்பத்துப் பெண். தக்காளி ஏலம் கேட்டு வளர்ந்த குரல். அவர் வயலின் இந்தக் கோடியில் நின்று ரகசியம் சொன்னால் அந்தக் கோடியில் இருப்பவர் "சரிங்க மேடம்" என்பார்.

நான் அந்தக் கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் ஸ்டோர் பொறுப்பாளன். கொடைக்கானலில் கோதுமையா என்று கேட்காதவர்களே இல்லை. வடக்கே அறுவடை முடிந்து வெயில் கொளுத்தும் மாதங்களிலும் இங்கே குளிரில் இன்னொரு போகம் எடுத்துவிடலாம். அதோடு, கோதுமையைப் பிடிக்கும் துரு நோய்க்கு எங்கள் மலை மாமியார் வீடு. வந்தால் லேசில் கிளம்பாது. எந்தப் பயிர் அதற்குத் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

மேடத்தின் வேலை, பயிர்க் கோதுமைக்கும் அதன் காட்டுச் சொந்தங்களுக்கும் சம்பந்தம் பேசி முடிப்பது. அந்தச் சொந்தங்கள் மேற்கே எங்கோ வறண்ட மலைகளில் தானாக முளைத்துக் கிடக்கும் புற்கள். பார்த்தால் நம் வேலியோரப் புல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கதிர் ஒல்லி, மணி பொடி, உமியோ பாறை. ஆனால் வெயிலுக்கும் நோய்க்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்கும் குணமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

இதனால் அவர் பேச்சிலும் பாகுபாடு உண்டு. பயிர்க் கோதுமையிடம் "ஏலே, இன்னும் என்னலே உனக்குக் கொறச்சல்?" என்பார். காட்டுப் புல்லிடம் வாங்க, போங்கதான். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"இவனுக்குத் தண்ணி, உரம், மருந்து எல்லாம் நாம ஊட்டி விடுறோம். அப்பவும் ஒரு மழைக்குப் படுத்துக்கிறான். அவுகளுக்கு யாரு என்ன செஞ்சா? தானா நிமிந்தவுக. மரியாத வேணாமா?"

பூக்கும் பருவத்தில் மேடத்தைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளனே வயலுக்குப் போக வேண்டும். முக்காலி போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புருவம் திருத்தும் இடுக்கியால் கோதுமைப் பூவின் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருப்பார். பிறகு அந்தப் பூவில் காட்டுப் புல்லின் மகரந்தத்தைத் தடவி, எண்ணெய்த் தாள் பையை மாட்டி, துணி கிளிப் போட்டு விடுவார். அந்த இடுக்கியை அவர் பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் பாயிடம்தான் வாங்குவார், அதுவும் அட்டை அட்டையாக. பாய் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம் பியூட்டி பார்லர் எதுவும் வச்சிருக்காங்களா?" என்று விசாரித்தார்.

கொரோனா காலத்தில் கேட்டில் வருகிறவர்களுக்குக் காய்ச்சல் பார்க்க ஒரு துப்பாக்கி வாங்கிப் போட்டோம். ரெண்டாம் நாளே காணவில்லை. வாட்ச்மேன் தேடிப் போனால், மேடம் வயலில் கோதுமை இலைகளுக்கு நேரே அதை நீட்டிச் சுட்டுக்கொண்டிருக்கிறார். நடு மத்தியானத்தில் எந்த இலை குளுமையாக இருக்கிறதோ அந்தச் செடியின் வேர் ஆழத்தில் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தமாம்.

"மேடம், அது ஆளுகளுக்குப் பாக்கிறதுங்க" என்றார் வாட்ச்மேன்.

"ஆளுக காய்ச்சல்னா வாயத் தெறந்து சொல்லுவாக. இது சொல்லுமா?"

வாட்ச்மேன் அன்றிலிருந்து புறங்கையால் தொட்டுப் பார்த்து ஆளை உள்ளே விட்டார்.

இப்படிப்பட்டவருக்கு மேலதிகாரியாக வந்து வாய்த்தவர் நீட்டு சார். எல்லாம் 'நீட்டா' இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். அவர் சுண்ணாம்பு அடிக்காத கல் எங்கள் பண்ணையில் இல்லை. ஒரே இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் நம் காலுக்கும் அடித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

கொரோனாவுக்கெல்லாம் பல வருஷம் முன்னால் ஒருமுறை டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பண்ணையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நீட்டு சாருக்குத் தூக்கம் போயிற்று. அதிகாரி வருவதற்கு முதல் நாள் பார்த்து மேடத்துக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒட்டன்சத்திரத்தில் அவருடைய சித்தி மகன் பல் டாக்டர். பிடுங்கிவிட்டு சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று காலை பஸ்ஸில் மலையிறங்கிப் போனார்.

அன்று நான் ஸ்டோருக்குள் விதைப் பைகளோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். வெளியே நீட்டு சார் ஆட்களை வைத்துப் பண்ணையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேடத்தின் பாத்தி அவர் கண்ணை உறுத்தியது. கோணல்மாணலாகக் குச்சிகள், நடுவில் தலை கலைந்த புல். குச்சிகளைப் பிடுங்கி, ஒரே அளவாக வெட்டி, சுண்ணாம்பு அடித்து, வரப்போரம் வரிசையாக நட்டுவிட்டார். புல்லையும் வேரோடு எடுக்கச் சொல்லிவிட்டார்.

அந்தப் புல் சாதாரணப் புல் இல்லை. வெளிநாட்டு விதைக் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு சிட்டிகை விதையாக வந்தது. ஒரு வருஷம் முழுக்க முளைக்காமல் மேடத்தைக் கெஞ்ச வைத்து, அடுத்த வருஷம்தான் போனால் போகிறது என்று தலைகாட்டியது. அவரிடம் இருந்த விதை எல்லாமே அந்தப் பாத்தியில்தான். கதிர் முற்றி, அந்த வாரம்தான் விதை எடுக்க இருந்தார்.

சாயங்காலம் வந்து இறங்கினார். ஒரு கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது, வாய் நிறையப் பஞ்சு. நேராகப் பாத்திக்குப் போனார். நின்றார். பண்ணை முழுவதும் அவர் போடப் போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. பஞ்சு விடவில்லை. அந்த அமைதிதான் எங்களைக் கலங்கடித்தது. திரும்பி நீட்டு சாரைப் பார்த்து, "புல்லு?" என்றார். "ஃபுய்யு" என்று கேட்டது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை, அவர் கண் அப்படி இருந்தது.

"களைன்னு நெனச்சு..." என்றார் நீட்டு சார்.

பிடுங்கிய களையை வேலைக்கு வரும் பெண்கள் மாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது வழக்கம். அன்றைய கட்டு பக்கத்து ஊர் பேத்துப்பாறை முருகாயியுடையது. நான் மொபெட்டை எடுத்தேன். மேடம் பின்னால் உட்கார்ந்து, வழியெல்லாம் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். வெரசாப் போ என்று அர்த்தம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முருகாயியின் செவலை மாடு கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. கடைவாயில் ஒரே ஒரு தாள் ஆடிக்கொண்டிருந்தது. மேடம் அதைப் பிடித்து இழுத்தார். வெறும் தண்டு. மாட்டின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வாயிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"முருகாயி, இது எப்பச் சாணி போடும்?"

"என்ன மேடம் கேக்கிறீக. அதென்ன ஆபீசா, நேரம் வச்சுப் போட? அதுக்குத் தோணும்போது போடும்."

மேடத்துக்கு உயிர் வந்துவிட்டது. பாறை மாதிரி உமி, மாட்டு வயிற்றைத் தாண்டியும் ஒன்றிரண்டு விதை பிழைத்து வரலாம் என்றார். ஆனால் இங்கே மண் தரை, மற்ற மாடுகள் வேறு. சிமெண்டுத் தரை வேண்டும். மாட்டைப் பண்ணைக்கு அனுப்பு என்றார்.

"அது என்னத் தவுர ஆரையும் அண்ட விடாதுங்களே" என்றார் முருகாயி.

"அப்ப நீங்களும் வாங்க." முருகாயிக்குக் கிடைத்த முதல் 'வாங்க' அதுதான்.

பண்ணையில் கழுவித் துடைத்த சிமெண்டுத் தரை ஒன்றுதான் இருந்தது, அதிகாரிக்காகத் தயார் செய்திருந்த விருந்தினர் விடுதியின் போர்ட்டிகோ. மாடு அங்கே கட்டப்பட்டது. நீட்டு சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் பாத்தி இருந்த திசையைக் கையால் காட்டினார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை அதிகாரியின் கார் வந்து நின்றது. நீட்டு சார் பூச்செண்டோடு முன்னால் போனார். அதிகாரி இறங்கி ஒரு காலைப் படியில் வைக்கவும், செவலை வாலைத் தூக்கவும் சரியாக இருந்தது.

"மிதிச்சிராதீங்க" என்று ஒரு குரல் கேட்டது. ஏலக் குரல், முழுசாகத் திரும்பி வந்திருந்தது. அதிகாரி இன்னொரு காலை அந்தரத்தில் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்றார். மேடம் முறத்தோடு பாய்ந்து வந்து குந்தினார்.

இது என்ன என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஜெர்ம்பிளாசம் சார்" என்றார் மேடம்.

அப்படியென்றால் விதைச் செல்வம். நாங்கள் செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் பல வருஷம் வயலில் கிடந்தவர் போலிருக்கிறது. என்ன புல் என்று கேட்டார். மேடம் சொன்னார். உடனே கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்திவிட்டார்.

நீட்டு சார் பூச்செண்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். செவலை கழுத்தை நீட்டி அதை வாங்கிக்கொண்டது.

"அய்யோ, அதையும் சேத்துல்ல இனி அரிக்கணும்" என்றார் மேடம்.

காலைச் சாணியில் ஒன்றும் இல்லை. மேடம் முகம் வாடிவிட்டது. விதை வராமலே போய்விடும் என்று முதன்முதலாக அவர் வாயால் சொன்னதை அன்றுதான் கேட்டேன். முருகாயிதான் அவர் கையிலிருந்து முறத்தை வாங்கினார். "மாட்டு வயிறு நாலு அறை மேடம். முத அறையக் கூடத் தாண்டிருக்காது. செத்த பொறுங்க." அதிகாரி தன் நிகழ்ச்சி நிரலை ஓரமாக வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கும் போர்ட்டிகோவை விட்டு நகரவில்லை. பாய் கடையிலிருந்து டீ வடிகட்டிகள் வரவழைக்கப்பட்டன. மறுநாள் அவர் கார் ஏறும் நேரத்தில்தான் வடிகட்டியில் கறுப்பாக, முழுசாக, ஒரு விதை தங்கியது. பிறகு இன்னும் சில. அதிகாரி தன் கைக்குட்டையை விரித்துக் கொடுத்தார்.

தொட்டியில் விதைத்ததில் முளைத்தது ஒன்றே ஒன்று. முருகாயி வேலைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டிக்குப் போய் "எங்க மாட்டுப் பிள்ள எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். நீட்டு சார் தன் கையாலேயே அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, 'இது களை அல்ல' என்று பலகை எழுதி வைத்தார். எழுத்து மிக நீட்டாக இருந்தது.

அந்தப் புல்லின் மகரந்தத்தைக் கோதுமையில் சேர்த்தார்கள். பிறந்த கரு தானாகப் பிழைக்காது என்பதால், மேடம் அதை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குழாயில் சர்க்கரைக் கூழ் ஊட்டி வளர்த்தார். வளர்ந்த செடியிலும் தானாக விதை பிடிக்கவில்லை. அதற்கு மறுபடி கோதுமை மகரந்தம் தடவினார், அதில் பிறந்த பிள்ளைக்கும் மறுபடி அதையே. காட்டுக் குணத்தில் வேண்டாததைக் கழித்து வேண்டியதை நிறுத்த வருஷங்கள் ஓடின. எங்களுக்கெல்லாம் முடி நரைத்தது. மேடத்துக்குக் குரல் மட்டும் தளரவில்லை.

பிறகு ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து, துரு நோய் மலையையே பிடித்தது. வயலுக்குள் நடந்தால் துருப் பொடி ஒட்டிப் பேண்ட் மஞ்சளாகிவிடும். கதிரில் பால் ஏறும் முன்பே இலையெல்லாம் கருகிப் போயிற்று. இலை போனால் மணிக்குச் சாப்பாடு ஏது? நடுவில் அந்த மாட்டுப் பிள்ளையின் வம்சத்து வரிசை ஒன்று மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது. இலை கடைசிவரை பச்சையாக இருந்ததால் மணி திரண்டு, கதிர் கனத்துச் சாய்ந்திருந்தது.

மேடம் அதன் முன்னால் போய் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். கண் கலங்கியிருந்தது போல் இருந்தது, மழைச் சாரலில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கடைசியில் தலையைத் திருப்பாமலே கேட்டார்: "முருகாயி, மாட்டக் கட்டிப் போட்டுருக்கீகளா?"

அது நேராக விவசாயி வயலுக்குப் போகும் ரகமாகிவிடவில்லை. தாள் நெட்டை, காற்றுக்குச் சாயும் என்றார்கள். ஆனால் அதன் விதை வடக்கே பல பண்ணைகளுக்குப் போயிற்று. நோய் தாங்கும் குணத்துக்காக அங்கே அதைத் தாயாக வைத்துப் புதுக் கோதுமைகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மேடம் ஓய்வு பெற்று ஒட்டன்சத்திரத்துக்கே போய்விட்டார். மலையில் முதல் மூடுபனி இறங்கும் வாரத்தில் தவறாமல் எனக்கு போன் வரும். காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் கேட்பேன். துரு வந்துவிட்டதா, வடக்குப் பாத்தி எப்படி இருக்கிறது, தொட்டியில் இருக்கிற அவுக நல்லாருக்காகளா என்று ஒவ்வொரு புல்லாக விசாரிப்பார். எல்லாம் முடிந்து, போனை வைக்கப் போகும்போதுதான், "ஆமா, நீங்க எப்படி இருக்கீக?" என்பார்.

அந்த வரிசையில் கடைசியாக வருவதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. வரிசையில் நானும் இருக்கிறேன், அது போதும்.