கணையபுரத்தில் மூன்று தட்டு

சர்க்கரை ஆறு ஓடிய நாடு ஒன்று இருந்தது, பெயர் கணையபுரம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அங்கேயும் ஜனங்கள் பசியில் கிடந்தார்கள்.

முன்பு அப்படி இல்லை. ஆற்று நடுவில் பல திட்டுகள். அவற்றில் ஒன்றில் அல்லியம்மையும் அவள் புருஷன் கருவேலனும் அடுத்தடுத்த அறைகளில் வேலை பார்த்தார்கள். அவள் ஆற்றுநீரை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். இனிப்பு ஏறியிருந்தால் கரையோர வீடுகளுக்குச் சாவி அனுப்புவாள். கதவு திறக்கும், சர்க்கரை உள்ளே போகும், அடுப்பு எரியும். ஆறு சப்பென்று ஆனால் சர்க்கரைக் களஞ்சியத்தைத் திறந்துவிடுவது அவன் வேலை. சாவி அனுப்பும்போதெல்லாம் அவள் நடுச்சுவரை மூன்று தட்டு தட்டுவாள். களஞ்சியத்தை மூடு என்று அர்த்தம். அப்புறம் சற்றுக் கண்ணயர்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

ஒரு நாள் அவள் அயர்ந்த நேரம் பார்த்து மாண்புமிகு அமைச்சர் அதிவீரர் பார்வையிட வந்தார். அவள் கண் மூடியிருந்ததைக் கண்டார். போதாதா? ஓய்வு ஒழிக்கப்பட்டது. சுவர் தட்டுவது வேலை நேரத்து வீண் அரட்டை, அதற்கும் தடை.

கருவேலன் பாவம், தன் நாக்கைவிட அவள் தட்டைத்தான் நம்பியவன். சத்தம் இல்லாததால் ஆறு இன்னும் சப்பென்றுதான் இருக்கிறது என்று களஞ்சியத்தைத் திறந்தே வைத்தான். ஆறு பாகாய்க் கெட்டியானது. ஓயாமல் வந்த சாவிகளால் கதவுகளும் சலித்துப்போய்த் திறக்க மறுத்தன. வாசலில் சர்க்கரை ஓட, வீட்டுக்குள் அல்லியம்மையின் மகள் பொன்னி பட்டினியில் படுத்துவிட்டாள்.

அமைச்சர் ஆற்றில் விரல் நனைத்து நக்கினார்.

"நாடே இனிக்கிறது. பசி என்பது வதந்தி" என்று அறிவித்தார்.

திறக்காத கதவுகளுக்காகச் சாவிகளை இரட்டிப்பாக்கும் தீர்மானமும் சபையில் வந்தது. ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்கள். எழ யாருக்குத் தெம்பு இருந்தது? ஏகமனதாக நிறைவேறியது. மற்றத் திட்டுகளிலும் அல்லியம்மையைப் போன்ற சாவிக்காரிகள் ஒவ்வொருவராகச் சரிந்தார்கள்.

ஏன் சரிகிறார்கள் என்று ஆராய நிலவரசி என்பவள் வந்தாள். திட்டுத் திட்டாகச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். தட்டுவது அரட்டை அல்ல, அதுதான் பாதி வேலை. ஓய்வு மீதிப் பாதி என்று எழுதிக் கொடுத்தாள். அமைச்சர் அந்த ஏட்டைப் பாராட்டி, பட்டுத்துணி சுற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நிலவரசிக்கு ஆத்திரமான ஆத்திரம். நேரே அல்லியம்மையிடம் வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னும் களஞ்சியத்தை மூடல அம்மா. நீங்க தட்டாததாலதான்."

அல்லியம்மைக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் செத்துட்டேன்னு நினைச்சிருப்பாரோ?"

சட்டமாவது மண்ணாவது என்று மூன்று தட்டு தட்டினாள். அந்தப் பக்கம் களஞ்சியக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அதன்பின், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அங்கிருந்தும் மூன்று தட்டு வந்தது. அவள் சுவரில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணயர்ந்தாள்.

நாளாக நாளாக ஆறு இளகியது. சாவிகள் விட்டுவிட்டு வந்ததில் கதவுகளின் சலிப்பும் குறைந்தது. பொன்னி வீட்டுக் கதவு ஒருக்களித்துத் திறந்தது.

அமைச்சர் ஆற்றை நக்கிப் பார்த்துவிட்டுச் சபையைக் கூட்டினார். நாட்டின் இனிப்பைத் திருடிய சாவிக்காரி அல்லியம்மையை நாடு கடத்தத் தீர்மானம். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். பழக்கதோஷத்தில், தலை நிமிராமலே 'ஏகமனதாக' என்று எழுத ஆரம்பித்தார்.

கூட்டத்தின் கடைசியில், தூணைப் பிடித்துக்கொண்டு, பொன்னி எழுந்து நின்றாள்.