பஞ்சலிங்கத்தார் பூமியை வென்ற கதை

இந்தப் போகம் தாளோடு சேர்த்துக் கட்டிய ஒரு வெங்காயப் பிடியையும் பரணுக்குத் தூக்குவதில்லை என்று பஞ்சலிங்கத்தார் தீர்மானித்தார். தூக்கினால் இடுப்போடு நாரி பிடிக்கிறது. பூமி இழுப்பதால்தானே பாரம்? அந்த இழுவையை மறித்துவிட்டால், பாரமில்லாத வெங்காயத்தை மனைவியே பரணில் ஏற்றிவிடுவாரே!

வங்கியில் உட்கார்ந்தே காலத்தைப் போக்கிய மனிதர். சண்டிலிப்பாய்த் தோட்டம் சீதனமாய் வந்தது.

பழைய மோட்டரில், தகரத் தகடுகள் கட்டிய சைக்கிள் சில்லைப் பூட்டிச் சுழலவிட்டார். அதற்குக் கீழே அன்று கிண்டிய வெங்காயத்தில் ஒரு பிடியைத் தராசில் தொங்கவிட்டார். சில நாளில் வீடே அதிரக் கூப்பிட்டார்.

"இராசமலர், ஓடி வாரும்! மூண்டு கிலோ இப்ப ரெண்டரை! அரைக் கிலோவை என்ரை சில்லு திண்டுட்டுது!"

மனைவி இராசமலர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர்.

"மின்னேற்றத்திலை நேரும் இருக்கு, மறையும் இருக்கு. அதாலை மின்விசையை மறிக்கலாம். பூமி இழுக்க மட்டுந்தான் செய்யும், தள்ளாது. எதைக் கொண்டு மறிக்கிறது?"

"உம்மடை புத்தகத்திலை இல்லையெண்டால் உலகத்திலையும் இல்லையோ? தராசு பொய் சொல்லுமோ?"

ரீச்சர் தராசைப் பார்த்தார். வெங்காயத்தையும் பார்த்தார்.

"சொல்லாது. அப்ப மிச்சப் பிடியளையும் உதுக்குக் கீழை பரப்புங்கோவன்."

மனைவி வாதத்தில் தோற்றது கலியாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பஞ்சலிங்கத்தாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவையும் தானே இழுத்துப் பரப்பினார். சில்லு இரவு பகலாய்ச் சுழன்றது.

ஏழு நாள் கழிய, அடுத்த கிழமை ரீச்சர் பக்கத்து வீட்டுத் தம்பிஐயாவைக் கூட்டி வந்தார். தம்பிஐயாவின் கையில் ஏணி.

"அண்ணை, இவர் பூமியை வெண்டுபோட்டார். வெங்காயத்திலை இப்ப பாரமே இல்லை."

தம்பிஐயா தோட்டக்காரர். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரீச்சரின் கண்ணைக் கண்டதும் மூடிக்கொண்டார்.

"ஏறுங்கோ," என்றார் ரீச்சர் கணவரிடம்.

"நானோ? என்ரை நாரி..."

"பாரமில்லாததைத் தூக்க நாரி ஏன் நோகுது?"

பாரம் என்றால் கண்டுபிடிப்புப் பொய். அதுவும் தம்பிஐயாவுக்கு முன்னால்! பஞ்சலிங்கத்தார் ஏறினார். இறங்கினார். கடைசிப் பிடியையும் ஏற்றிவிட்டு நாரியைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"உண்மையைச் சொல்லும். நீர் நம்பினனீரோ?"

"நிறை குறைஞ்சது உண்மைதானே. பச்சை வெங்காயம் காய்ஞ்சால் குறையாதோ? காயாமல் பரணிலை போட்டால் அழுகிப்போம், அதுதான் ஒரு கிழமை பொறுத்தனான்."

பஞ்சலிங்கத்தார் சில்லைப் பார்த்தார். கழற்றி எறிய எழுந்தார்.

"ஐயோ, கழட்டாதேங்கோ," என்றார் ரீச்சர். "உது நல்ல காத்து. வாற போகத்துக்கும் வேணும்."