அக்கா சொல்லி ஓடைக்குப் போன கதை

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, காரணம் கீழே வரும். அங்கே உன் சர்க்கரையும் அத்தானின் இருமலும் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு அடக்கமாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? எழுத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

"மூணு வேளையும் சுவரைப் பார்த்துக்கிட்டே சாப்பிட்டா பைத்தியம்தான்டா பிடிக்கும், வெளியே போய் நாலு பேரோட பழகு" என்று சொன்னது நீதான். நானும் யோசித்தேன். ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவன் நான். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன், ஒருவர்கூடப் பதில் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் அந்தக் கண்ணாடி அறைக்குள் கேட்டிருக்காது. வீட்டில் உன் தம்பி பெண்டாட்டி ஒருத்தி இருந்தாள், நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிடும். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் "எந்த மாடிங்க?" என்று யாரையாவது கேட்பதற்காகவே லிஃப்டில் மேலும் கீழும் போய்வருகிறேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், என் மகன் காதில் போட்டுவிடாதே.

அந்த லிஃப்டில்தான் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "நம் ஓடையைக் காப்போம். தன்னார்வலர்களுக்கு இலவசப் பயிற்சி." எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஓடுவதன் பெயர் ஓடை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், அதுவரை சாக்கடை என்றே நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறேன். சரி, நாலு பேர் வருவார்கள், பேசலாம் என்று தலையை வாரிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். பயிற்சி கொடுப்பது ஒரு சின்னப் பெண், எல்லாரும் டீச்சர் என்கிறார்கள். எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தாள், எனக்கு வாய்த்தது வலது கால் சிறிசு, இடது கால் பெரிசு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் அக்கா. ஆனால் முதல் பாடம் என்ன தெரியுமா? "ஓடையைக் காப்பாத்தணும்னா முதல்ல அதைக் கவனிக்கணும். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசாம கரையில உட்காருங்க" என்றாள். பேச்சுத்துணை தேடிப் பேருந்து பிடிக்காத குறையாக ஓடி வந்தவனை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? அது என் வீட்டில் உட்கார்ந்தே செய்ய முடியாதா?

பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். எனக்கு வந்த ஜோடி பல் செட் செய்பவர். ஆள் அலமாரி மாதிரி இருப்பார், வாயிலிருந்து வருவது "ம்" ஒன்றுதான். தண்ணீருக்குள் கல்லைப் புரட்டி, வலையைப் பிடித்து, என்னென்ன பூச்சி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்; சில பூச்சி இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர், வெறும் புழுவாக இருந்தால் கதை வேறு. நான் அவருக்கு ரயில்வேயின் சரித்திரம் முழுவதையும் சொன்னேன். "ம்." என் பெண்டாட்டி இறந்ததைச் சொன்னேன். அப்போதும் "ம்." சுவரே தேவலை, அது "ம்" கொட்டாது.

அடுத்த ஞாயிறு கரையில் களை எடுப்பு. "கொடியை வேரோட எடுங்க, பக்கத்துல இருக்கிற கோரை நாத்தைத் தொட்டுடாதீங்க" என்று டீச்சர் சொன்னாளாம். சொன்ன நேரத்தில் நான் பல் செட்காரரிடம் ஒரு சரக்கு வண்டி தடம் புரண்ட கதையில் இருந்தேன். விளைவு என்ன? இத்தனை வருஷத்தில் யாரும் வேலை செய்யாத வேகத்தில் வேலை செய்து, போன பருவத்தில் இவர்கள் பாடுபட்டு நட்டு வைத்த கோரை அத்தனையையும் பிடுங்கி அழகாகக் கட்டுக்கட்டாக அடுக்கிவிட்டேன். பிடுங்க வேண்டிய கொடி ஜம்மென்று நின்றது. டீச்சர் வந்து பார்த்தாள். கீழ் உதட்டைக் கடித்தாள். "பரவாயில்ல அங்கிள்" என்றாள். மற்றவர்கள் அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நன்றாக நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது, நம்மையும் ஒரு மனுஷனாக மதித்துப் பேசினார்கள் என்றிருக்கும். வீட்டுக்கு வந்து, யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று போனைச் சமையலறையில்கூடப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். வந்தது ஒரே ஒரு அழைப்பு, கடன் வேண்டுமா என்று கேட்டது ஒரு பதிவு செய்த குரல். அதனிடமே கொஞ்ச நேரம் பேசினேன்.

மனசு கேட்கவில்லை. வார நாளில் யாரும் இருக்க மாட்டார்கள், கோரையைத் திரும்ப நட்டுவிடலாமே என்று காலையில் தனியாகப் போனேன். சேற்றில் ஓரிடத்தில் நிற்கக்கூடாது, காலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பாடம். நான் எங்கே நடலாம் என்று நின்று யோசித்தேன். சேறு யோசிக்கவில்லை. தொடை வரை இழுத்துவிட்டது. கரையில் நாயோடு ஒருவர் போனார், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். கத்தினேன். பதற்றத்தில் வாயில் வந்தது என்ன தெரியுமா அக்கா? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அறிவிப்பைக் காதில் வாங்காமல் நடப்பதற்கு உலகமே பழகியிருக்கிறது. அதற்குப் பழக்கிவிட்டதே நான்தான்.

கடைசியில் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு வாளியோடு வந்தார் பல் செட்காரர். வாளியில் தண்ணீர், தண்ணீரில் நான் பிடுங்கிய கோரை. வாடிவிடாமல் காப்பாற்றித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே நட்டுக்கொண்டிருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. கரையில் கிடந்த பலகையைப் போட்டு, அக்குளுக்குள் கைகொடுத்து, என்னைக் கடைவாய்ப்பல் மாதிரி பிடுங்கி எடுத்தார். முழங்கால் போனது அப்போதுதான். இருவரும் உட்கார்ந்து மிச்சத்தை நட்டோம். கூச்சத்தில் நான் பேசவே இல்லை. கடைசி நாற்றை ஊன்றிவிட்டு அவரே சொன்னார்: "பேச்சை நிறுத்திட்டீங்களே. நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா கேட்டுக்கிட்டுதான் இருப்பேன். வீட்ல பேச யாரும் இல்ல. பேசியே ரொம்ப நாளாச்சு, வார்த்தை சட்டுனு வரமாட்டேங்குது."

அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஓடை பொங்கி வந்து கோரையில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. "இது சகஜம் அங்கிள், மறுபடியும் நடுவோம்" என்றாள் டீச்சர். மறுபடியும் நடலாம்தான். பல் செட்காரர் வரவில்லையே. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வீடு எது என்று எனக்குத் தெரியாது, போன் எண் தெரியாது. இவ்வளவு பேசியும் அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை என்பது வெறும் கரையில் நின்றபோதுதான் உறைத்தது. ஒரு ஆளைப் பிடித்து வைக்கக்கூடத் தெரியாதவன் ஓடையை எங்கே காப்பது?

ஆகையால் அக்கா, தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கடைசி அறையில் தையல் மிஷினை நகர்த்தினால் எனக்கொரு கட்டில் போடலாம் என்றாயே, நகர்த்திவிடு. இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மாதக் கடைசியில் வருகிறேன். அத்தானுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன், குறைவாகவே பேசுவேன்.

உனக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி. வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

என்றும் உன் பாசமுள்ள,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அழைப்புமணி அடித்தது. பல் செட்காரர்! காய்ச்சலில் படுத்திருந்தாராம், இன்னும் முகம் வெளுத்திருக்கிறது. "ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு சொன்னவர் வீடு எது?" என்று ஒவ்வொரு மாடியாகக் கதவைத் தட்டிக் கேட்டுக்கொண்டே ஏறி வந்திருக்கிறார், அதுவும் அந்த மனுஷன், வாயைத் திறந்து! தையல் மிஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இந்த ஞாயிறு நீயும் அத்தானும் இங்கே வாருங்கள், பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், நேரமில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு, "யாருக்கு எழுதுறீங்க?" என்கிறார். அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. இரு, பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.