வீட்டுக்குள் வந்த வங்காள விரிகுடா

வங்காள விரிகுடாவை என் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவது என்று நான் முடிவெடுத்தபோது, அதை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. பெரிய முடிவு எடுக்கிறவன் சின்ன விஷயங்களை யோசிக்கக்கூடாது. அதற்குத்தான் மனைவி என்று ஒருத்தி இருக்கிறாள். என் மனைவியோ சின்ன விஷயங்களோடு பெரிய விஷயத்தையும் சேர்த்து யோசிக்கிறவள். அதில்தான் கோளாறு.

நான் தருமலிங்கம். பழவேற்காடு பஜாரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் காட்டூர். நெல்லைப் பார்த்தால் ரகம் சொல்வேன். மீனைப் பார்த்தால் குழம்பா வறுவலா என்று மட்டும் கேட்பேன். அப்படிப்பட்டவன் மீன் வளர்க்கப் புறப்பட்டதற்குக் காரணம் என் சகலை ஆதிகேசவன்.

ஆதிகேசவன் மெட்ராசில் உத்தியோகம். என் மனைவி காந்தாவின் அக்கா குணசுந்தரியைக் கட்டியவர். அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே கலர் கலராக மீன்கள். காதுகுத்துப் பிள்ளையைப் பார்க்க வந்த கூட்டமெல்லாம் தொட்டியைச் சுற்றி நின்றது. பிள்ளை தனியாக அழுதுகொண்டிருந்தது.

"தருமு, இது சீனா. அது அமேசான். இந்தா போவுதே, இது ஆப்பிரிக்கா" என்று சகலை ஒவ்வொரு மீனையும் அறிமுகம் செய்தார். நான் கும்பிடாததுதான் பாக்கி.

"இதெல்லாம் நல்ல தண்ணி மீனு. கடல் தண்ணி மீனு வளர்க்கறதுதான் பெரிய வித்தை. அதுக்கு ஒரு சட்டம் இருக்கு. கண்ட மீனைக் கலக்கக்கூடாது. ஒரு கடலை எடுத்துக்கணும். அந்தக் கடல் மீனு, அந்தக் கடல் கல்லு, அவ்வளவுதான். வெள்ளைக்காரன் புஸ்தகத்துல போட்டிருக்கான்."

"நான் வைக்கிறேன்" என்றேன்.

"நீயா? அதெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஆவாது தருமு."

'நம்ம மாதிரி' என்றுதான் சொன்னார். பார்த்தது என்னை மட்டும்.

ஊர் திரும்பும் பஸ்ஸில், பொன்னேரி தாண்டியதும், காந்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏரியில படகு ஏறி அக்கரைக்குப் போனா அம்மாம்பெரிய கடல் கீது. அதைப் பார்க்க ஒரு நாளாவது கூட்டிகினு போனீங்களா? இப்ப வூட்டுக்குள்ள எதுக்குக் கடலு?"

"இது வேற. இது கலை."

"கழுவறது யாரு?"

கலையைப் பற்றிப் பேசும்போது கழுவுவதைப் பற்றிக் கேட்கிறவளிடம் என்ன பேசுவது?

பொன்னேரியில் சொல்லி, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குத் தொட்டி செய்து, பஸ் கூரைமேல் ஏற்றி, நானும் கூரைமேல் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்தபடியே கொண்டுவந்து இறக்கினேன். காந்தா வாசலில் நின்று பார்த்தாள். தொட்டியை ஒரு சுற்று சுற்றிவந்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள்போல விரலை மடக்கினாள். பிறகு, "வையுங்க, வையுங்க. ஆம்பளைக்கு ஒரு ஆசை இருக்காதா?" என்றாள்.

மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன். கலை எவரையும் மாற்றும்.

தண்ணீர் ஊற்றியதும் நாலு மூலையும் ஒழுகியது. நான் யார்? பஞ்சர் ஒட்டுவதில் ராஜா. சைக்கிள் டியூபை வெட்டி மூலைக்கு மூலை ஒட்டினேன். பஞ்சர் ஒட்டிய முதல் கடல் உலகத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு காஜா மைதீன் பாய் படகும் வலையும் வைத்திருப்பவர். மெட்ராசுக்கு இறால் லோடு அனுப்புகிறவர். முகத்துவாரம் தாண்டிப் போய் சுத்தமான கடல் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்தார். நம்ம கடலில் பவளக் கல்லுக்கு எங்கே போவது? ஆலந்துக்காரன், அதுதான் டச்சுக்காரன், கட்டிய கோட்டையில் உதிர்ந்து கிடந்த செங்கல்லையும் ஏரிக் கிளிஞ்சலையும் அடுக்கி ஒரு பாறை கட்டினேன். அடுத்தது மீன்.

"பாய், கலர் கலரா மீனு வேணும். ஆனா நம்ம கடல் மீனாத்தான் இருக்கணும்."

"நம்ம கடல்ல ரெண்டு கலருதான் தருமலிங்கண்ணே. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கருப்பு. இன்னாது வேணும்?"

"அழகா இருக்கறது ஒண்ணுகூடவா இல்ல?"

"நான் மீனை அந்தக் கண்ணால பார்த்ததில்லண்ணே."

இருந்தாலும் நல்ல மனிதர். வலையில் உயிரோடு கிடைத்ததையெல்லாம் வாளியில் கொண்டுவந்தார். அதிலிருந்து நான் பொறுக்கினேன். உடம்பில் கருப்புக் கோடு போட்ட கீச்சான். மஞ்சள் புள்ளி வைத்த ஓரா. தொட்டால் பந்துபோல ஊதிக்கொள்ளும் பேத்தை. பழுப்பு உடம்பில் செம்புள்ளி தெளித்த குட்டிக் கலவா ஒன்று. பார்க்க ராஜகுமாரன்.

"கலவாவையா போடறீங்க?" என்றாள் காந்தா.

"ஏன்? அதுதான் அழகு."

"அதும் பேரே கலவா. யாருகூடயும் கலவாது."

"எல்லாம் ஒரே கடல் மீனு. ஒண்ணுக்கொண்ணு சொந்தம். சேர்ந்து இருக்கும்."

"சொந்தக்காரங்க சேர்ந்து இருந்து நீங்க எங்க பார்த்தீங்க?"

கலவாவைத் தொட்டியில் விட்டேன். அன்று சாயந்திரத்துக்குள் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"இன்னாங்க, இதுங்க பசியில வாயைத் தொறக்குதா, உங்களைத்தான் ஏதோ கேக்குதா?"

"காத்து பத்தலை" என்றார் எட்டிப்பார்த்த பாய். "மெட்ராஸ்ல தொட்டிக்கு மோட்டார் வெச்சி காத்து வுடறாங்க."

காற்று அடிப்பது என் தொழில். கடையிலிருந்து சைக்கிள் பம்பை எடுத்துவந்தேன். டியூபைத் தண்ணீருக்குள் விட்டு அடித்தேன். குமிழி குமிழியாக வந்தது. மீன்கள் கீழே இறங்கின. அடிப்பதை நிறுத்தினேன். மேலே வந்தன. மறுபடி அடித்தேன். கீழே போயின. அவை உயிரோடு இருக்க நான் சாகவேண்டும் போலிருந்தது. காந்தா கொஞ்சநேரம் அடித்தாள். "கை கழண்டுடுச்சி" என்று போய்விட்டாள். கடைக்குப் போகமுடியவில்லை. ஊர் சைக்கிள்களெல்லாம் காற்றில்லாமல் நின்றன. மீன்கள் மட்டும் சுகமாக மூச்சு விட்டன.

மோட்டார் வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். கரண்டைப் பற்றி என் கொள்கை ஊருக்கே தெரியும். எங்கள் தெருவில் கம்பிக்குக் கரண்டு விட்ட அன்றைக்கு ஒரு காக்கா கம்பியில் உட்கார்ந்து கருகி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து கரண்டுக்கு என் வீட்டில் இடமில்லை. பயம் இல்லை. மரியாதை. தெருவெல்லாம் பல்பு எரியும். என் வீட்டில் அரிக்கன் விளக்கு. காந்தா கல்யாணமான நாளிலிருந்து கேட்டாள். அழுதாள். மீஞ்சூருக்குத் தாய்வீடு போய் உட்கார்ந்தாள். நான் அசையவில்லை.

அந்தக் காந்தா இப்போது சொன்னாள்:

"வேணாங்க. போயும் போயும் மீனுக்காக உங்க கொள்கையை வுடக்கூடாது."

"யார் வுடறேன்னது?"

"அதானே. ஆதிகேசவன் மாமா வூட்ல மோட்டார் ஓடினா ஓடட்டும். அவருக்கு தெகிரியம் இருக்குது. நமக்கு ஆவாது."

"இன்னாது? தெகிரியமா?"

"கரண்டுன்னா உங்களுக்குக் கொஞ்சம் அப்படித்தானே. அதுல தப்பே இல்லைங்க. மீனெல்லாத்தையும் ஏரியில வுட்டுடுவோம்."

"காந்தா! இந்த வூட்ல கரண்டு வந்தே தீரும்!" என்று கத்தினேன்.

"ஐயோ வேணாங்க" என்றாள்.

"வரும்!"

"உங்க இஷ்டம். நான் சொன்னா எங்க கேக்கறீங்க?" என்று அலுத்துக்கொண்டே உள்ளே போனாள். மனைவியின் பேச்சைக் கேட்காமல் ஒரு காரியம் செய்வதில் உள்ள சுகமே தனி.

கரண்டு கொடுக்க ஆள் வந்தார். மோட்டாருக்கு ஒரே ஒரு பிளக் போதும் என்றேன்.

"இருட்டுல ஒண்ணையொண்ணு அடையாளம் தெரியாமதான் கீச்சான் ஓராவைக் கடிக்குது" என்றாள் காந்தா. ஓராவின் வால் பாதி காணாமல் போயிருந்தது உண்மை. கூடத்தில் ஒரு பல்பு போட்டோம்.

"இந்தப் பிளக் கோளாறானா தொட்டியை அடுப்பங்கரைப் பக்கம் நகர்த்தவேண்டி வருமில்ல?" என்றாள். அது முன்யோசனை. அடுப்பங்கரையில் ஒரு பிளக் வைத்தோம்.

மோட்டார் ஓடியது. குமிழி வந்தது. மறுநாள் மத்தியானம் காந்தா தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"தண்ணி கொதிக்குதுங்க. பாவம், வேர்க்குது அதுங்களுக்கு."

"மீனுக்கா?"

"தண்ணிக்குள்ள இருக்கறதால நமக்குத் தெரியல."

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. மீன் உடம்பு எப்போதும் ஈரமாகத்தானே இருக்கிறது? ஃபேன் வாங்கி மாட்டினேன். தொட்டிக்கு நேர் மேலே மாட்டினால் கழன்று விழுந்தால் என்ன ஆவது என்று, கூடத்தின் நடுவில் மாட்டச் சொன்னாள். அதன் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு மீன்களைக் கவனித்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டே கவனித்தாள்.

இத்தனை செய்தும் அந்த நன்றிகெட்ட மீன்கள் ஒற்றுமையாக இல்லை. கீச்சான் ஓராவைத் தீர்த்தது. அடுத்து பேத்தையைக் கடித்தது. பேத்தை கோபத்தில் ஊதிக்கொண்டு மேலே மிதந்தது. இறங்கவேயில்லை. கீச்சானைக் கலவா விழுங்கியது. காஜா மைதீன் பாயும் வாளி வாளியாகக் கொண்டுவந்தார். போட்டதையெல்லாம் கலவா விழுங்கியது. சாண் நீளம் வந்தது, முழ நீளம் ஆனது. கோட்டைச் செங்கல் நடுவில் டச்சுத் துரைபோல உட்கார்ந்து என்னையே முறைத்தது. தொட்டியில் அது ஒன்றுதான் மிச்சம்.

இருக்கட்டுமே. ஒரு கடல், ஒரு மீன். இதைவிடச் சுத்தமாகச் சட்டத்தைக் காப்பாற்ற யாரால் முடியும்? "ஞாயித்துக்கெழமை குடும்பத்தோட வந்து பாருங்க" என்று சகலைக்குச் சொல்லியனுப்பினேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நானே போய் அழைத்துவந்தேன். சகலை மடியில் ஒரு அட்டைப்பெட்டியைக் குழந்தைபோல வைத்திருந்தார். இறங்கும்போதும் கொடுக்கவில்லை. "பத்திரம், பத்திரம்" என்றார். போட்டிக்கு ஏதோ மீன் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். என் கலவாவிடம் எது நிற்கும்?

வீட்டுக்குள் நுழைந்தேன். "அண்ணே, அங்க பாருங்க!" என்று கையை நீட்டினேன்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குமிழி வந்துகொண்டிருந்தது. செங்கல் இருந்தது. கிளிஞ்சல் இருந்தது. கலவா இல்லை.

"தண்ணியா?" என்றார் சகலை. "தண்ணி சுத்தமாத்தான் இருக்குது தருமு."

அடுப்பங்கரையிலிருந்து புளியும் மிளகாயும் கொதிக்கிற வாசனை வந்தது. ஓடினேன்.

"காந்தா! என் கலவா எங்கடி?"

"கத்தாதீங்க. அக்கா வந்துகீறாங்க. காலையில கரைக்குப் போனேன். நல்ல மீனெல்லாம் லாரியில மெட்ராசுக்குப் பூடுச்சி. வந்தவங்களுக்குக் கருவாடா போடறது? உயிரோட இருந்தது இது ஒண்ணுதான்."

"அது காட்டறதுக்கு வெச்சது!"

"காட்டத்தானே போறோம். இலையில காட்டுவோம்."

பந்தி நடந்தது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சகலை தலைத் துண்டை உறிஞ்சினார். "தருமு, உன் கடல் மீனுக்கு ஈடே இல்லைய்யா. மன்னிச்சிக்க, அன்னிக்குத் தெரியாம பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். ஜெயித்தேன்தான். ஆனால் என் ஜெயத்தை அவர் மென்றுகொண்டிருந்தார்.

எனக்கு ரோஷம் வந்தது. எழுந்து நின்றேன்.

"மீனு போயாச்சு. இனிமே மோட்டார் வேணாம். மோட்டார் வேணாம்னா கரண்டு வேணாம். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டு ஒயரைப் புடுங்கச் சொல்லப்போறேன்!"

"ஐயையோ, அப்ப இது இன்னாத்துக்கு?" என்று குணசுந்தரி அண்ணி அந்த அட்டைப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பளபளவென்று புத்தம்புது மிக்ஸி. காந்தா அதை எடுத்துக்கொண்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள். அங்கே அதற்கென்றே ஒரு பிளக் காத்திருந்தது.

"நான் எப்ப மிக்ஸி கேட்டேன்?" என்றேன்.

"நீ எங்க கேட்ட? காந்தா காஜா மைதீன் பாய்கிட்ட சொல்லியனுப்பிச்சா" என்றார் சகலை. "வூட்டுக்குக் கரண்டு வரப்போவுது, வரும்போது மிக்ஸி வாங்கிகினு வாங்கன்னு. ஆறு மாசம் முன்னாடியே."

"ஆறு மாசமா? ஆறு மாசம் முன்னாடி நான் பம்பு அடிச்சிகினு இருந்தேன். கரண்டு வேணும்னு நான் முடிவு பண்ணது அதுக்கப்புறந்தானே?"

மிக்ஸி உறுமுகிற சத்தத்துக்கு நடுவே காந்தாவின் குரல் வந்தது:

"நீங்க முடிவு பண்ணது அப்புறந்தாங்க. நான் முடிவு பண்ணது அந்தத் தொட்டி பஸ்ஸுலேர்ந்து இறங்கின அன்னிக்கே."