தப்பாகச் சொன்னால் போதும்

திருத்தக்காரர் என்று மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார். அடையாளம் கண்டுபிடிக்க ஒரே வழி, அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று எதையாவது கொஞ்சம் தப்பாகச் சொல்வதுதான். நிறையத் தப்பாகச் சொல்லக் கூடாது; பைத்தியம் என்று நினைத்து விட்டுவிடுவார். கொஞ்சம் போதும். குனிந்திருந்த தலை நிமிரும், வாயிலிருக்கிற வெற்றிலை ஒரு கன்னத்துக்கு ஒதுங்கும், ‘அப்படி இல்ல...’ என்று ஆரம்பித்துவிடுவார்.

சாவு விழுந்த துட்டி வீட்டில், ‘அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயசு’ என்று பெற்ற மகனே விசும்பிக்கொண்டு சொல்வான். ஆறுதலுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நம்மவர், பிடித்த கையை விடாமலே, ‘எண்பத்தி மூணு முடிஞ்சிட்டுல்லா?’ என்பார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவர் ராஜபாளையம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க, இன்னொருவர் தவறான இடத்தைக் கைகாட்டிவிட, இவர் இடம் பிடித்து உட்கார்ந்த தன் பஸ்ஸிலிருந்து இறங்கி, குறுக்கே ஓடி, சரியான இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த பஸ் புறப்பட்டுப் போயிருக்கும். வருத்தப்படுவாரா? மாட்டார். உலகத்தில் ஒரு தப்பு குறைந்தது. பஸ் அடுத்தது வரும்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இந்த இனத்தில் ஒருவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறேன். என் தம்பி வேல்ராஜ்.

அவனுடைய வேலையே அப்படி. விசைத்தறிச் சேலைகள் வந்து குவிகிற கிட்டங்கியில், ஒவ்வொரு சேலையாக வெளிச்சத்துக்கு நேரே விரித்து, இழை எங்கே விட்டிருக்கிறது, சாயம் எங்கே திட்டாகியிருக்கிறது என்று பார்த்துப் பிழையுள்ளதைக் கழித்துப் போடுவது. அவன் பார்த்து அனுப்பிய சேலை ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. வேண்டுமானால் அவன் முதலாளியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கண் லேசில் யாருக்கும் வாய்க்காது. என்ன, அதைச் சாயங்காலம் கிட்டங்கியிலேயே பூட்டிவிட்டு வர அவனுக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்டவனை யார் ஏமாற்ற முடியும்? அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். ‘பில் கட்டலை, இன்றிரவு கரண்டு கட்’ என்று எல்லாருடைய போனுக்கும் குறுஞ்செய்தி வந்த நாளில், அதில் உள்ள எண்ணுக்கு யாரும் கூப்பிடக் கூடாது என்று தெரு முழுக்க வீடுவீடாகச் சொல்லிவந்தவன் அவன்தான். பேங்கில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிற பெண்களுக்குப் பாடம் எடுப்பான்: “யாரு கேட்டாலும் கார்டு நம்பரச் சொல்லாதிய. ஓடிபி கேட்டா போன வச்சிருங்க.” ஒரு தடவை போலீஸ் போலப் பேசி ஒருவன், ‘உன் மகனைப் பிடித்து வைத்திருக்கிறோம், பணம் அனுப்பு’ என்று மிரட்டினான். என் தம்பி அசரவே இல்லை. “எனக்கு மகனே கெடையாதுவே. ஒரே மக. சிவப்ரியா. நர்சிங் சேரப் போறா” என்று பதில் கொடுத்துவிட்டுப் போனை வைத்தான். கள்ளன் வாயை அடைத்துவிட்டதாக ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அடைத்தானா, அள்ளிக் கொடுத்தானா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணித் தபசுக்கு நாலைந்து நாள்தான் இருக்கும். மறுநாள் சிவப்ரியாவுக்குக் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள். தம்பி பெண்டாட்டி வளையலை விற்றது, அவன் சீட்டு எடுத்தது, நான் என் பங்குக்குக் கொடுத்தது எல்லாம் அவனுடைய ஒரே கணக்கில் கிடந்தது. மத்தியானம் நான் அவன் வீட்டுக்குப் போனபோது, கிட்டங்கியில் பார்த்துத் தீராத சேலைக் கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் விரித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது. சத்தமாக வைத்துப் பேசுவதுதான் அவன் வழக்கம். அதனால் எனக்கும் கேட்டது.

“வணக்கம் சார், பேங்க் ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். மிஸ்டர் வேல்முருகன்தானே?”

“வேல்முருகன் இல்ல. வேல்ராஜ்.”

“ஸாரி சார். கடையநல்லூர் கிளை...”

“சங்கரன்கோவிலுவே. கடையநல்லூர்ல எனக்கு என்ன சோலி?”

“பிறந்த வருஷம் எழுபத்தொண்ணு...”

“எழுபத்தி நாலு! யாருவே இதையெல்லாம் எழுதுனது?”

“அதான் சார், உங்க விவரம் பூரா இங்க தப்புத் தப்பா ஏறியிருக்கு. உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னாத்தான் எங்களுக்கே தெரியுது.”

இந்த ஒரு வார்த்தைக்கு என் தம்பிக்கு முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பெண்டாட்டி ஒருநாள் சொல்லியிருப்பாளா இதை? முதலாளி சொல்லியிருப்பாரா? நானே சொன்னதில்லை. மடியில் இருந்த சேலையைத் தள்ளி வைத்தான். பர்சிலிருந்து கார்டை எடுத்தான்.

அந்தக் கள்ளன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுதான் தொழில். கேட்டால் நாம் உஷாராகிவிடுவோம், தப்பாகச் சொன்னால் தாங்கமாட்டோம் என்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் கார்டு எண்ணை நாலு நாலாகத் தப்பாக வாசித்தான். என் தம்பி நாலு நாலாகத் திருத்தினான். முடிகிற மாதத்தைத் தப்பாகச் சொன்னான், திருத்தினான். பின்பக்கத்து மூன்று எண்ணைத் தப்பாகச் சொன்னான். கார்டைத் திருப்பிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துத் திருத்தினான்.

“ஏலே, வைலே போன! கள்ளப்பயலே அவன்!” என்று கத்தினேன்.

அவன் என்னைப் பார்த்துக் கையமர்த்தினான். “சும்மா இருக்கா. இவன் எல்லாத்தையும் தப்பாச் சொல்லுதான்.”

பறிக்கப் போனேன். போனைத் தூக்கிக்கொண்டு சேலைக் கட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அதற்குள் கிணுக்கென்று குறுஞ்செய்தி வந்தது.

“சார், உங்களுக்கு ஆறு எண் வந்திருக்கும். நாலு பூஜ்ஜியம் ஏழுன்னு ஆரம்பிக்குது, சரிங்களா?”

“எங்கவே நாலு இருக்கு? எட்டு. அடுத்தாப்ல...”

எட்டு போய்விட்டது. வளையலும் சீட்டும் நான் கொடுத்ததும் இன்னும் ஐந்து எண்ணில் போய்விடும். கத்தினால் கேட்கமாட்டான், பறித்தால் ஓடுவான். அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். ஆனால் இவனை நான் படித்திருக்கிறேன். அவன் ‘சரி’ என்று மடித்து வைத்திருந்த சேலைகளில் ஒன்றை உருவினேன். விரித்தேன். சாதாரணமாக, என்னமோ எனக்குள்ளே பேசிக்கொள்கிற மாதிரிச் சொன்னேன்.

“இதுல ரெண்டு இழை விட்டுருக்கு. இதையா சரின்னு மடிச்ச?”

ஆறு எண்ணில் இரண்டாவது எண் அவன் உதட்டிலேயே நின்றது.

“எதுல?”

“இந்தா இதுலதான். முந்தானைக்குப் பக்கத்துல.”

“சார்? சார், அடுத்த நம்பர்?” என்றது போன்.

“இரும்வே!” என்று போனைத் தரையில் வைத்துவிட்டு, சேலையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு ஓடினான் என் தம்பி. நான் போனை எடுத்து அணைத்து என் இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

“எங்கனக்கா இருக்கு? காட்டு. இதுல ஒண்ணும் கெடையாது. உனக்குக் கண்ணு தெரியல.”

“ஆமாலே, எனக்குக் கண்ணு தெரியலதான்.”

“அப்பம் ஏன் சொன்ன?”

முதல் முதலாக அன்றைக்குத்தான் என் தம்பியிடம் ‘நான் சொன்னது தப்பு’ என்று முழு மனதோடு சொன்னேன். பிறகு நடந்ததை விளக்கினேன். அவன் முகம் வெளிறியது. ஆனாலும் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “அவன் எங்கக்கா கேட்டான்? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனா? நான்லா திருத்துனேன்!”

கார்டின் பின்பக்கம் அச்சடித்திருந்த பேங்க் எண்ணுக்குக் கூப்பிட்டோம். ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சரியாகச் சொன்னாள். கிளையைச் சரியாகச் சொன்னாள். என் தம்பி போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கிசுகிசுத்தான்: “யக்கா, இவ எல்லாத்தையும் சரியாச் சொல்லுதா. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு.” தலையில் ஒரு குட்டு வைத்தேன். கார்டை முடக்கினார்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கும் தகவல் சொன்னோம். பணம் அப்படியே இருந்தது. மறுநாள் நானே கூடப் போய், சிவப்ரியாவைச் சேர்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஆள் திருந்திவிட்டான் என்றுதானே நினைக்கிறீர்கள்? கொஞ்ச நாள் கழித்து ரிபாயி டீக்கடையில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. நானும் பால் வாங்க நின்றேன். என் தம்பியும் பெஞ்சில் இருந்தான். ரிபாயி கண்ணாடிக் கிளாஸில் டீயை ஆற்றிக்கொண்டே சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “நம்ம வேல்ராஜ் கார்டு நம்பரு முடியது முப்பத்தாறுலன்னு அவன் சொல்லுதான்...”

“முப்பத்தாறு இல்ல, அறுபத்து மூணு. அது பழைய கார்டு. இப்பம் புதுசு வந்திருக்குல்லா, அது...”

“வாய மூடும்வே!” என்று கடை மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. ரிபாயி டீயைக் காலில் ஊற்றிக்கொண்டார்.

இதை எழுதி முடித்ததும் என் தம்பியிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். ஊர் சிரிக்க எழுதியிருக்கிறோமே, கோபித்துக்கொள்வானோ என்று பயம். வரி வரியாக, சேலை பார்ப்பது போலத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தான். கார்டு கதையைப் படித்தான், டீக்கடையைப் படித்தான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கடைசியில் தாளைத் திருப்பி, ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

“யக்கா, ஆவணித் தபசுன்னு எழுதியிருக்க. நம்ம கோயில் திருவிழா ஆடித் தபசுல்லா?”

தெரிந்துதான் எழுதினேன். திருத்தச் சொல்லி இன்றுவரை என் உயிரை எடுக்கிறான். நான் திருத்தவில்லை, அச்சிலும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். அந்த இடத்தைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? கண் பேசாமல் தாண்டிப் போயிற்றா, அல்லது அங்கேயே நின்று, ‘சங்கரன்கோவில்காரிக்கு இதுகூடத் தெரியவில்லையே, யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா’ என்று உதடு துடித்ததா? துடித்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரைக் கொஞ்சம் தப்பாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் சீக்கிரம் கூப்பிடுவான். மிகவும் மரியாதையாகப் பேசுவான்.